இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை

ஊற்ற வேண்டும். எழுந்தால் ஊற்றிவிடலாம். ஆறு குடமும் நிரம்பிச் சுவரோரம் நிற்கின்றன, காலையில் லாரியில் பிடித்த நல்ல தண்ணீர், கடைசிக் குடத்தின் வாயில் ஒரு வேப்பிலை மிதக்கிறது, அதை எடுத்துப் போடலாம் என்று கை போகிறது, எடுத்துப் போட்டால் அடுத்தது குடத்தைத் தூக்க வேண்டியிருக்கும், ஆகவே மிதந்துவிட்டுப் போகட்டும். டிரம்மின் அடிக்குழாயைத் திறந்தது ஒன்றரைக்கு. இது ஒன்றும் புதிதில்லை, பதினோரு நாளாக இதே நேரத்துக்குத் திறக்கிறேன், நேற்றைய தண்ணீரை வடிப்பேன், குழாயை அடைப்பேன், இன்றைய தண்ணீரை ஊற்றுவேன், பிறகு போய்த் தையல் மெஷினில் உட்காருவேன். வடிய கால் மணி நேரம், ஊற்ற ஐந்து நிமிஷம். இன்றைக்கு வடிந்து முடிந்து, சொட்டும் நின்று, மண்ணில் ஓடிய ஈரம்கூடக் காய ஆரம்பித்துவிட்டது, நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருக்கிறேன். குழாயை மட்டும் அடைத்துவிட்டேன், எதற்கென்று தெரியவில்லை, பழக்கம்தான். டிரம்முக்குள் வள்ளத்து எஞ்சின் தலைகீழாகத் தொங்குகிறது. மூங்கிலைக் குறுக்கே போட்டுக் கட்டியிருக்கிறோம், தலை அடியில், தண்டு மேலே, தண்ணீரைத் தள்ள வேண்டிய விசிறி வானத்தைப் பார்த்துக்கொண்டு. மேல்மூடி கிடையாது, ஆகவே அதன் உள்பாகம் முழுக்க இப்போது காற்றில் இருக்கிறது. இசக்கிமுத்து போனில் என்ன சொன்னான்? "கடல்ல விழுந்த எஞ்சின் நல்ல தண்ணிக்குள்ள கெடக்குற வரைக்கும் ஒண்ணும் ஆகாது மயினி. காத்துப் பட்டுச்சுன்னா மூணு மணி நேரம். அதுக்குள்ள பிரிச்சு எண்ணெ காட்டணும். இல்லன்னா பழைய இரும்புக் கடைக்குத்தான்." இசக்கிமுத்து எஞ்சின் மெக்கானிக், என் வீட்டுக்காரர் கஸ்பாரைக் கேட்டால் உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். அவன் ராமேஸ்வரம் பக்கம் ஒரு வேலையில் மாட்டிக்கொண்டதால்தான் இத்தனை நாள் இந்தத் தண்ணீர் உபசாரம். இன்று நாலு மணி பஸ்ஸில் வருகிறான். வந்து பார்த்து, பிரிக்கவா வேண்டாமா என்று கேட்பான். ஒன்றே முக்காலுக்கு மேல் மூன்று மணி என்றால் நாலே முக்கால். அவன் பஸ்ஸை விட்டு இறங்கி, டீ குடித்து, இவரது கட்டுப்போட்ட தோளைத் தொட்டுப் பார்த்து விசாரித்து, கைலிக்கு மாறி உட்காரும்போது நாலே முக்கால் ஆகிவிடும். நான் எதையும் உடைக்க வேண்டாம், எதையும் ஒளிக்க வேண்டாம். இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும்.

உட்கார்ந்திருப்பது ஒரு குற்றமா என்ன, கால் வலித்தது உட்கார்ந்தேன், யார் கேட்டாலும் சொல்லலாம், தலை சுற்றியது என்றுகூடச் சொல்லலாம், ஐம்பது வயதுக்காரிக்கு மத்தியான வெயிலில் தலை சுற்றினால் யார் ஏன் என்று கேட்பார்கள். இல்லை, தலை சுற்றியவள் குழாயை மட்டும் சரியாக அடைத்தாளாக்கும் என்று இவர் கேட்பார். ஸ்கூல் யூனிஃபார்ம் அவசரமாகக் கேட்டார்கள், தைக்கப் போனவள் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், அதுவும் நிற்காது, மெஷின் ஓடுகிற சத்தம் இந்த வீட்டின் மூலை முடுக்கெல்லாம் கேட்கும், ஓடாததும் கேட்கும். பொய் சொல்வதில் நான் எப்போதுமே மட்டம். இதில் சாமிக்குத் தெரியும் என்கிற பயம் வேறு. சாமிக்குத் தெரிந்தால் தெரியட்டும், சாமி அன்றைக்கு முகத்துவாரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாராம்? கரை தெரிகிறது, கோவில் கோபுரம் தெரிகிறது, இன்னும் பத்துத் துடுப்பு தூரம், அப்போதுதான் பின்னாலிருந்து வந்த அலை வள்ளத்தைத் தூக்கிக் கவிழ்த்தது. கூடப் போன ரெமி வெளியே விழுந்தான், இவர் உள்ளே மாட்டிக்கொண்டார், கவிழ்ந்த வள்ளத்துக்கு அடியில். ரெமி மூன்று தடவை முங்கி, கடைசியில் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தான். காறை எலும்பு முறிந்துவிட்டது. கரையில் போட்டபோது உதடு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது, நான் அதைப் பார்த்தேன், அதைப் பார்த்த கண்ணை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை காலத்துக்கு நூல் கோக்க வேண்டுமோ. உட்கார்ந்திருக்கிறேன். மணி இரண்டு அடித்துவிட்டது.

எஞ்சின் இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. சங்கு குளிக்கிறவர்கள் நாலு பேர் தாமாகவே போய் மூழ்கித் தேடி எடுத்தார்கள். எடுத்த கையோடு ஈரச் சாக்கில் சுற்றி, வழியெல்லாம் கடல்தண்ணீரைத் தெளித்துக்கொண்டே ஆட்டோவில் கொண்டுவந்தார்கள், காற்றுப் படக் கூடாது, காற்றுப் படக் கூடாது என்று கத்திக்கொண்டு, என்னமோ பிரசவத்துக்கு ஆள் கொண்டுபோகிற மாதிரி. அதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது, எஞ்சின் கடலில் விழுந்த வீட்டுக்குத் தெருப் பெண்கள் ஆளுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். யாரும் கூப்பிட மாட்டார்கள், யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள், வருவார்கள், ஊற்றுவார்கள், வெறுங்குடத்தோடு திரும்பிப் பார்க்காமல் போவார்கள். லாரி வராமல் மூன்று நாள் ஆன நேரம் அது. பக்கத்து வீட்டுப் பிரகாசி அக்காவிடம் இரண்டே குடம் இருந்தது, மருமகள் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள், குழந்தையின் துணி கூட அலசாமல் கிடந்தது, அதில் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். நான் வேண்டாம் என்றேன். "நீ யாருட்டி வேண்டாங்கதுக்கு, ஒனக்கா ஊத்துதேன்?" என்று சொல்லிவிட்டு ஊற்றினாள். அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் முதல் நாள் இது குடித்தது. இப்போது நான் உட்கார்ந்திருப்பது பிரகாசி அக்காவின் குடத்தின் மேல். ஐயோ, அப்படி நினைக்கக் கூடாது, நினைத்தால் எழுந்துவிடுவேன். எழுந்தால் நல்லதுதானே. நல்லது யாருக்கு? எஞ்சின் பிழைத்தால் இவர் போவார். தோள் கூடியதும் போவார், கச்சான் காற்று அடங்கட்டும் என்பார், அடங்குமுன்பே போவார், ஒரு நாள் மறுபடி ஆட்டோவோ ஆம்புலன்ஸோ தெருவுக்குள் வரும், பிரகாசி அக்கா அன்றைக்கும் வருவாள், கையில் குடம் இருக்காது.

இரண்டு நாள் கடலடியில் கிடந்தது, அதுவாகவே செத்திருக்கலாம். அதைத்தான் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். நான் கொல்லவில்லை, ஏற்கெனவே போனதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நான் தையல்காரி, இரும்பைப் பற்றி என்னிடம் யாரும் கதை விட முடியாது, என் மெஷினின் ஊசித்தண்டில் ஒரு மழைக்காலத்து ஈரம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். குனிந்து பார்த்தேன், கொஞ்சம் முன்பு. தண்ணீருக்குள் வெள்ளிமாதிரி இருந்த ஒரு போல்ட்டின் தலையில் அதற்குள் லேசாக மஞ்சள். மஞ்சளா, இல்லை வெயிலா, சரியாகப் பார்க்கவில்லை, பார்க்கவும் வேண்டாம். முதல் தடவை இப்படி ஆனபோது எனக்கு எதுவும் தெரியாது. அது கல்யாணமான வருஷம், அப்போதிருந்தது பழைய எஞ்சின், மண்ணெண்ணெய் நாற்றத்தில் வீட்டுக்குள் சோறு இறங்காது. அதுவும் ஒருமுறை தண்ணீரில் விழுந்தது, இதே மாதிரி ஒரு டிரம்மில் முக்கிவைத்துவிட்டு இவர் மெக்கானிக்கைக் கூப்பிட டவுனுக்குப் போனார். நான் புதுப்பெண், உள்நாட்டு ஊரில் பிறந்தவள், கடலைத் திருவிழாவுக்குத்தான் பார்த்தவள். ஈரத்தில் கிடக்கிறதே, புருஷனின் பொருளாயிற்றே என்று, பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரை வைத்து வெளியே தூக்கி, கல்யாணத்துக்கு வந்த புதுத் துண்டால் அங்குலம் அங்குலமாகத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, மாடியில் வற்றல் காயப்போட்ட பாய்க்குப் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க வெயிலில் வைத்தேன். சாயங்காலம் இவர் மெக்கானிக்கோடு வந்தார். நான் பெருமையாக மாடியைக் காட்டினேன். மெக்கானிக் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். இவர் என்னைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார், மாடிப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கரை முழுக்கச் சொல்லித் தீர்த்தார்: "எம் பொண்டாட்டி எஞ்சினக் குளிப்பாட்டி, தல தொவட்டி, எண்ணெ தேச்சுப் படுக்கப் போட்டுட்டா." ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த எஞ்சின் வரும்வரை எட்டு மாதம் அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போனார், அப்போதும் திட்டவில்லை. இன்று தெரிந்தே செய்கிறேன். தெரிந்தே செய்கிறவளைப் பார்த்து ஒருத்தர் அப்படிச் சிரிக்க முடியுமா? முடியாது. அதுதான் எனக்குக் கஷ்டம், எஞ்சின் இல்லை.

இரண்டரை ஆகியிருக்கும். உள்ளே சத்தமே இல்லை. தினமும் குழாயைத் திறந்தால் போதும், உள்ளிருந்து குரல் வந்துவிடும், ஊத்தியாச்சா, முங்குற அளவுக்கு ஊத்து, கயிறு எறங்கிருக்கா பாரு, என்று படுத்துக்கொண்டே அதிகாரம் தூள் பறக்கும். இன்று இல்லை. மாத்திரை கொஞ்சம் பலமாக இறங்கிவிட்டது போல. நல்லதுதான், தூங்கட்டும். பாவம், ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை, லைட்டை அணைக்க விடுவதில்லை, கேட்டால் கொசு என்கிறார், லைட்டுக்கும் கொசுவுக்கும் என்ன சம்பந்தமோ. தோளில் கட்டு இருப்பதால் நான்தான் குளிக்கவைக்கிறேன். கழுத்துவரைக்கும் ஒன்றுமில்லை, பேசிக்கொண்டே இருப்பார், தலையில் முதல் செம்பு விழுந்ததும் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடிப்பார், வளையல் அழுந்தித் தழும்பு விழுகிற அளவுக்கு. மூச்சு நிற்கும். பிறகு விடுவார். "கண்ணுல சோப்பு போயிட்டு" என்பார். நான் அப்போது சோப்பே போட்டிருக்க மாட்டேன். நானும் ஆமாம் என்பேன், பார்த்துப் போடுதேன் என்பேன். ஏன் அப்படிச் சொல்கிறேன்? கேட்டிருக்கலாம். கேட்டால் இந்த வீட்டில் ஏதோ ஒன்று இடிந்து விழுந்துவிடும் என்று ஒரு பயம். சாயங்காலமானால் கரையிலிருந்து ஆட்கள் வருவார்கள், கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, கஸ்பார் அண்ணன் கடலுக்குப் பயப்படுற ஆளா, எமனையே திருப்பி அனுப்புன ஆளுல்லா, என்று ஏற்றிவிடுவார்கள், இவரும் தலையணையில் சாய்ந்துகொண்டு, "எஞ்சின் மட்டும் வரட்டும், மறுநா காலையிலயே பாருங்க" என்பார். அந்தப் பேச்சைக் கேட்டுத்தானே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சென்னையில் நர்ஸாக இருக்கிற மகள் தினமும் போன் போட்டு, "அப்பாவ இனி அனுப்பாதம்மா" என்கிறாள். அனுப்பாதே என்றால் எப்படி, கதவைப் பூட்டவா? இந்தக் கரையில் எந்தப் பெண் புருஷனைப் போகாதே என்று நிறுத்தியிருக்கிறாள்? நிறுத்தினால் மறுநாளே அவன் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் ஒட்டிவிடும், செத்தாலும் போகாது. அதனால்தான் இப்படி. அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு குழாய். முப்பது வருஷம் ஒரு பாயில் படுத்தவளுக்கு வாயைத் திறந்து பேச முடியவில்லை, குழாயைத் திறக்க முடிகிறது.

வேப்பிலை குடத்தின் மறு ஓரத்துக்குப் போய்விட்டது. நான் எழுந்து நின்றிருக்கிறேன், எப்போது எழுந்தேன்? ஊற்றப்போகிறேனா? தெரியவில்லை. முதலில் அவர் தூங்குகிறாரா என்று பார்த்துவிட்டு வருவோம், அது வரைக்கும் எதுவும் முடிவில்லை, என்று காலை எடுத்துவைத்தால் பின்வாசல் படியில் அவர் உட்கார்ந்திருக்கிறார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, சட்டையின் ஒரு கை தொங்க.

"எப்ப எந்திரிச்சிய?"

"நான் எங்கட்டி தூங்குனேன்."

"மாத்திர போட்டியளே."

"போடல. வடியுற சத்தம் கேட்டுச்சு. நின்னது கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணையும் காணும்."

தலை சுற்றியது, யூனிஃபார்ம், கால்வலி, எல்லாப் பொய்யும் ஒரே நேரத்தில் வந்து முட்டிக்கொண்டன. "கேட்டுக்கிட்டா படுத்திருந்திய? கூப்பிட வேண்டியதுதான?" என்றுதான் வந்தது, அதுவும் சண்டைக்காரி குரலில்.

அவர் டிரம்மைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. "கூப்பிட்டா நீ ஊத்திருவியே," என்றார்.

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவ்வளவு நேரமும் சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்திருக்கிறோம். நான் கல்லில் உட்கார்ந்து பொய் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, இவள் ஊற்றாமல் இருக்க வேண்டுமே என்று கிடந்திருக்கிறார். நான் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார், ஒவ்வொரு வார்த்தையாக, ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிற மாதிரி: "கவுந்த வள்ளத்துக்குள்ள இருட்டா இருக்கும்னு நெனைப்பாக எல்லாரும். இருட்டு இல்ல கித்தேரி. வள்ளத்து ஃபைபருக்குள்ளகூடி வெளிச்சம் வருது, பச்சையா, நல்லா அழகா இருக்கு. அதப் பாத்துக்கிட்டே குடிக்கேன் தண்ணிய. இப்பக் கண்ண மூடுனா அந்தப் பச்சதான். தலையில தண்ணி விழுந்தா அந்தப் பச்சதான். என்னால முடியாதுட்டி."

"அப்ப தெனம் சாயங்காலம் வந்தவங்ககிட்ட அந்தப் பேச்சுப் பேசுனிய?"

"வேற என்ன பேச. எஞ்சின் போயிட்டுன்னா எல்லாரும் ஐயோன்னுட்டுப் போயிருவாக. நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

எனக்கு அழுகை வந்தது, அதோடு கோபமும் வந்தது, எது முதலில் என்று தெரியாது, கோபம்தான் வாய்வழியாக வந்தது. பயம் இந்த மனுஷனுக்கு. பயம் எனக்கு. இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு அந்த எஞ்சின் ஏன் சாக வேண்டும்? நாலு பேர் மூழ்கி எடுத்தது, ஒரு தெரு குடித்தண்ணீரைக் கொட்டி வைத்திருந்தது. "பயந்தது நீங்க, எஞ்சின் இல்ல. அது பாட்டுக்கு ஓடட்டும். ரெமி ஓட்டட்டும், நேத்தும் கடலுக்குப் போயிட்டுத்தான வந்தான், வேற யாரும் ஓட்டட்டும். நீங்க போவ வேண்டாம்."

"எஞ்சின் நல்லாயிட்டுன்னா நான் ஏன் போவலன்னு கேப்பாகல்ல?"

"கேட்டா சொல்லுங்க."

"நீ சொல்லிருவியா?"

"நான் சொன்னா பொண்டாட்டி முந்தானையில ஒளிஞ்சுக்கிட்டான்னுவாக. ஒங்க பயத்த நீங்கதான் சொல்லணும்." சொல்லிவிட்டு எழுந்து முதல் குடத்தைத் தூக்கினேன், வேப்பிலையோடு சேர்த்துக் கடைசிக் குடத்தையும் ஊற்றினேன், அவசரத்தில் பாதி டிரம்முக்கு வெளியே போயிற்று. அவர் ஒற்றைக் கையால் குடத்தின் அடியைத் தாங்கினார். உதவியா உபத்திரவமா என்று சொல்ல முடியாது, இரண்டு பேர் முழங்காலும் நனைந்ததுதான் மிச்சம். எஞ்சின் முங்கியபோது உள்ளேயிருந்து குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. அது நிற்கும்வரை இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

பஸ் எப்படியோ இன்றைக்குப் பார்த்துச் சீக்கிரம் வந்துவிட்டது. மூன்றே முக்காலுக்கெல்லாம் இசக்கிமுத்து ஸ்பேனர் பையோடு பின்வாசலில் நிற்கிறான், அவன் வந்த சத்தம் கேட்டுப் பிரகாசி அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. இசக்கி டிரம்முக்குள் எட்டிப்பார்த்தான், உச்சுக்கொட்டினான். "ஒரு ரெண்டு போல்ட்டுல துரு ஏறிருக்கு. நடுவுல தண்ணி கொறஞ்சுதா மயினி?"

"கொறச்சேன். நாந்தான் ஒரு மணி நேரத்துக்கு ஊத்தாம விட்டேன்," என்றேன். எப்படிச் சொன்னேனோ. பிரகாசி அக்கா என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் தாங்க முடியவில்லை. இசக்கி எதுவும் கேட்கவில்லை, தொழில்காரன், துருவுக்குக் காரணம் அவனுக்கு வேண்டாம். "பிரிச்சா ரெண்டு நா வேல. பொழைக்கும்னுதான் தோணுது. என்னண்ணே, பிரிக்கவா? தோளு கூடுனதும் நீங்க ஏத்திக்கிட்டுப் போயிரலாம்."

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். சுவருக்கு அப்பால் பார்த்தார், இசக்கியைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன், ஒரு நொடிதான் இருக்கும், அதற்குள் நூறு தடவை நானே சொல்லிவிடலாமா என்று வந்தது.

"பிரிடே," என்றார். "நல்லாப் பண்ணு. ஆனா நான் போவல. எனக்குக் கடலுக்குப் போவப் பயமா இருக்கு." குரல் நடுவில் ஒருமுறை உடைந்தது. மறுபடி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, கொஞ்சம் உரக்கவே சொன்னார்: "பயமா இருக்குடே இசக்கி."

குழந்தை சிணுங்கியது. இசக்கி பையைக் கீழே வைத்து, "சரிண்ணே, யாரு ஓட்டுனா என்ன," என்று மூங்கில் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். எனக்கு என் புருஷனை அந்த இடத்திலேயே இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எலும்பு கூடவில்லையே என்று, தொங்கிக்கொண்டிருந்த சட்டைக் கையை எடுத்து அவர் தோளில் சரியாகப் போட்டுவிட்டேன்.